அவள் கேட்ட கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் போனில் ஏதோ தேடப் போனபோது, அவள் முன்பு தேடியிருந்தது கண்ணில் பட்டது. ‘முத்தம் கொடுத்தா எய்ட்ஸ் வருமா?’ உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. “யாருடி அவன்?” என்று கத்தினேன், இரண்டு அறையும் விட்டேன். “சும்மாதான் பார்த்தேன்” என்பதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை. போனைத் தொடக்கூடாது என்று வாங்கி வைத்துவிட்டேன். ஐந்து நாளாக என்னோடு பேச்சில்லை. அவள் அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பையே நிறுத்திவிடுவார். ரத்தசோகைக்கு டெஸ்ட் என்று சொல்லிக் கூட்டிப்போய் எச்.ஐ.வி.க்கும் பார்த்துவிடலாமா? உட்கார வைத்துப் பேசலாம் என்றாலும், நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? எங்கள் ஊர் பெரியாஸ்பத்திரியில் உறவுக்காரர் ஒருவர் வேலை பார்க்கிறார், அது வேறு பயம். (பெயர் வெளியிட வேண்டாம், ஈரோடு மாவட்டம்)

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அவளுடைய கேள்விக்குப் பதில். வராது. எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி எச்சிலில் பரவாது. முத்தத்தால், கட்டிப்பிடிப்பதால், ஒரே டம்ளரில் குடிப்பதால், பள்ளிக்கூடக் கழிவறையால், கொசுக்கடியால் வராது. உங்களுக்கு இது தெரிந்திருக்கலாம். ஆனால் ஐந்து நாளில் இந்த ஒரு வார்த்தையை அவளிடம் யாரும் சொல்லவில்லை, பாருங்கள். கேள்வி கேட்டதற்கு அடி வாங்கினாள், போனையும் இழந்தாள். பதில் மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. எச்.ஐ.வி.க்கு ஆலோசனை சொல்லிப் பரிசோதனை செய்யும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பத்தொன்பது வருடம் ஆலோசகராக உட்கார்ந்திருந்தவள் நான். பெற்ற வயிறு பதறும்போது கை முந்திக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். நானே என் மகளிடம் அப்படிச் செய்திருக்கிறேன், வேறொரு விஷயத்துக்கு.

ரத்தசோகை என்று சொல்லி எச்.ஐ.வி.க்குப் பார்க்கும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி விவரம் சொல்லி, சம்மதம் வாங்காமல் இந்தப் பரிசோதனை செய்யக்கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்பதால் பெற்றவர் நீங்கள் கையெழுத்துப் போடலாம், உண்மைதான். ஆனால் பதினைந்து வயதுப் பெண்ணோடு ஒரு வார்த்தை பேசாமல் அவள் கையில் ஊசி குத்த எந்த நல்ல ஆலோசகரும் விடமாட்டார். ரிசல்ட் நெகட்டிவ் என்று வந்தாலும் உங்களுக்கு என்ன தெரிந்துவிடும்? உடம்புக்குள் கிருமி நுழைந்தாலும் டெஸ்டில் தெரிய சில வாரங்கள் ஆகும். மூன்று மாதம் கழித்துப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்வோம். அதைவிட, அவள் மனதில் என்ன இருக்கிறது என்பதை எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. என்றைக்காவது உண்மை தெரிந்தால், ‘அம்மா என்னை ஏமாற்றிக் கூட்டிப்போனாள்’ என்பது மட்டும் அவள் மனதில் நிற்கும்.

இப்போது அந்தக் கேள்வியைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம்.

பள்ளிகளுக்கு வகுப்பெடுக்கப் போகும்போது நான் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுபோவேன். பேர் எழுதாமல் சீட்டில் கேள்வி எழுதிப் போடச் சொல்வேன். டீச்சர்களை வெளியே அனுப்பிவிடுவேன், அது அவர்களுக்குப் பிடிக்காது. பெட்டியைத் திறந்தால் பாதிச் சீட்டுகள் ஒரே மாதிரி இருக்கும். காது குத்தினால் வருமா, பச்சை குத்தினால் வருமா, அடுத்தவளின் சீப்பில் தலை வாரினால் வருமா. மீதியில் முத்தம் நிச்சயம் இருக்கும். வகுப்பே சிரிக்கும், நானும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன். ஒரு தடவை சின்ன, அமுங்கிய எழுத்தில் ஒரு சீட்டு வந்தது. ‘நமக்குப் பிடிக்காம ஒருத்தர் தொட்டா எய்ட்ஸ் வருமா?’

அன்றைக்கு நான் செய்த தப்பு, அதற்கும் மற்றச் சீட்டுகளைப் போலவே பதில் சொன்னது. “தொட்டா வராது” என்றேன், அடுத்த சீட்டை எடுத்துவிட்டேன். பதில் சரிதான். கேள்விதான் அது இல்லை. மருத்துவமனைக்குத் திரும்பும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. மறுநாள் தலைமையாசிரியையிடம் கெஞ்சி இன்னொரு பீரியட் வாங்கி, “நேத்து ஒரு சீட்டுக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன்” என்று ஆரம்பித்தேன். பிடிக்காமல் தொடுவது குற்றம், அது தொடப்பட்டவளின் தப்பு இல்லை, யாரிடம் சொல்லலாம் என்றெல்லாம் பேசினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் தன் பாட்டியோடு மையத்துக்கு வந்தாள். அதற்கு மேல் இங்கே எழுத முடியாது.

உங்கள் மகளின் தேடலுக்குப் பின்னாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கலாம். பாடத்தில் வந்திருக்கலாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் உடல்நலம், நோய்கள் பற்றிய பாடத்தில் எய்ட்ஸ் இருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை பற்றியும் அதே பாடத்தில் இருக்கிறது. பல பள்ளிகளில் அந்தப் பக்கங்களை ‘நீங்களே படிச்சுக்கோங்க’ என்று தாண்டிவிடுகிறார்கள். படிக்காமல் விட்ட பாடத்தைப் பிள்ளைகள் வேறெங்கே தேடுவார்கள்? போனில்தான். அல்லது யாரையோ பிடித்திருக்கலாம், ஒரு முத்தம் வரை போயிருக்கலாம், அப்புறம் ராத்திரி தூங்க முடியாமல் பயந்திருக்கலாம். அல்லது அந்தச் சீட்டு எழுதிய பெண்ணின் நிலைமையாக இருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. “யாருடி அவன்?” என்ற கேள்வி இரண்டாவதை மட்டும் முடிவுகட்டி வைத்துக்கொண்டு கேட்டது. முதலாவதாக இருந்தால் அவளுக்கு அவமானம். மூன்றாவதாக இருந்தால், இனி சொல்லவே மாட்டாள்.

அதனால் மன்னிப்பிலிருந்து ஆரம்பியுங்கள். நீளமாக வேண்டாம். உட்கார வைத்துப் பேசவும் வேண்டாம். ‘உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்’ என்றாலே அந்த வயதில் கதவு சாத்திக்கொள்ளும். காலையில் தலை பின்னிவிடும்போது பேசலாம். அவள் முகம் உங்களுக்குத் தெரியாது, உங்கள் முகம் அவளுக்குத் தெரியாது, இரண்டு பேருக்கும் அது வசதி. வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகும்போதும் நன்றாகப் பேச வரும்.

“அன்னிக்கு நான் கை நீட்டுனது தப்பு கண்ணு. பயந்துட்டேன். நீ கேட்டது நல்ல கேள்விதான். முத்தம் குடுத்தா வராது” என்று சொல்லிவிட்டு, ரிப்பனைக் கட்டிவிட்டு அனுப்பிவிடுங்கள். அன்றைக்கு அவ்வளவு போதும். ‘இப்ப சொல்லு, எதுக்குத் தேடுன?’ என்று வாலைச் சேர்த்தால் மன்னிப்பு கேட்டது வீண்.

அடுத்த தடவைக்கு உங்களிடமே ஒரு நல்ல கதை இருக்கிறது, மறந்திருப்பீர்கள். அவள் உங்கள் வயிற்றில் இருந்தபோது உங்களுக்கும் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்திருப்பார்கள். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பார்ப்பதுதான் வழக்கம். என்னைப் போல ஒருத்தி உங்களை உட்கார வைத்து நாலு வார்த்தை பேசியிருப்பாள், நீங்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்லுங்கள். “நீ வயித்துல இருக்கறப்ப எனக்கும் இந்த டெஸ்ட் எடுத்தாங்க. எதுக்குன்னு அப்ப எனக்கு ஒண்ணும் புரியல” என்று. எச்.ஐ.வி. என்பது எங்கோ தப்புப் பண்ணினவர்களின் சமாச்சாரம் இல்லை, அம்மாவுக்கே டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் பாதி வெட்கம் போய்விடும். எதற்காக எடுத்தார்கள் என்று அவளே கேட்பாள். அம்மாவுக்குக் கிருமி இருந்து, ஒன்றும் செய்யாமல் விட்டால் மூன்றில் ஒரு குழந்தைக்குக்கூடப் போகலாம். முன்கூட்டியே தெரிந்து மாத்திரை எடுத்தால் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம். அதற்காகத்தான் என்று சொல்லுங்கள்.

அப்புறம் பரவும் வழிகளைப் பூசி மெழுகாமல் சொல்லவேண்டும். எச்.ஐ.வி. இருக்கிற ஒருவரோடு ஆணுறை இல்லாமல் உடலுறவு. அவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது. சோதிக்காத ரத்தம். தாயிடமிருந்து பிள்ளைக்கு, கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும். அவ்வளவுதான் பட்டியல். ‘உடலுறவு’ என்ற வார்த்தையைச் சொல்ல நாக்கு புரளவில்லை என்றால் அறிவியல் புத்தகத்தை அவளையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ‘தப்பான பழக்கம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளைக்குத் தப்பான பழக்கம் என்றால் பையனோடு பேசுவது, இன்னொரு பிள்ளைக்கு நகம் கடிப்பது. அந்தக் குழப்பத்தில்தான் முத்தத்துக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்கிறார்கள். ஊசி விஷயத்தில் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவேண்டிய காலம் இது. வலி மாத்திரையைக் கரைத்து, ஒரே சிரிஞ்சில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்ட பையன்களை நானே மையத்தில் பார்த்திருக்கிறேன்.

பெண்பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல் என்பதையும் மறைக்க வேண்டாம். பாதுகாப்பில்லாத உறவில் ஆணிடமிருந்து பெண்ணுக்குத்தான் கிருமி சுலபமாகப் போகும். இந்த வயதில் கருப்பை வாயும் பிறப்புறுப்பின் உள்தோலும் முழுதாக முதிர்ந்திருக்காது, சீக்கிரம் கிழியும். பயமுறுத்தும் குரலில் இல்லாமல், சூடான எண்ணெயில் தண்ணீர் பட்டால் தெறிக்கும் என்று சொல்கிற குரலில் சொல்லுங்கள்.

பேசினால் நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் இல்லை. பள்ளிகளில் இந்தப் பாடத்தைக் கொண்டுவந்தபோது, 2007ல் பல மாநிலங்கள் இதையே சொல்லி நிறுத்தின. ஆனால் உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி யுனெஸ்கோ 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதல் வேறு மாதிரிச் சொல்கிறது. பாலியல் கல்வி பெற்ற பிள்ளைகள் அதனால் சீக்கிரமாக உறவில் இறங்குவதில்லை, சில இடங்களில் தள்ளிப்போடவே செய்கிறார்கள். எனக்கு ஆய்வே வேண்டாம். இத்தனை வருடத்தில் ‘ஆலோசகர் அக்கா சொன்னதால்தான் செய்தேன்’ என்று யாரும் வந்ததில்லை. ‘யாருமே சொல்லலைக்கா’ என்று வந்தவர்கள்தான் நிறைய.

உங்கள் வயதை வைத்துப் பார்த்தால் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தில் வந்த புள்ளிராஜாவை நினைவிருக்கும். 2000களின் தொடக்கத்தில் பஸ் ஸ்டாண்டு, சுவர், டிவி என்று எங்கே பார்த்தாலும் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ ஊரே சிரித்தது, ஊரே பேசியது. ஆனால் அது ஆண்களுக்காக எழுதிய கேள்வி. பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுவரைத் தாண்டிப்போன பெண்களுக்கு யாரும் எதையும் எழுதவில்லை. அதற்கும் முன்னால், 1986ல், இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனின் குழு, காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களின் ரத்தத்தை எடுத்து, வேலூர் சி.எம்.சி.யில் சோதித்துக் கண்டுபிடித்தது. மருத்துவத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் ‘அந்த மாதிரிப் பொம்பளைங்களுக்கு வர்ற நோய்’ என்ற பேச்சு அன்றிலிருந்து நம் ஊரில் ஒட்டிக்கொண்டது, இன்னும் உரியவில்லை. என் மையத்தில் பாசிட்டிவ் என்று தெரிந்து என் மேசையில் தலை கவிழ்ந்து அழுத பெண்களில் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் ஒரே ஆண், அவர் தாலி கட்டியவர். ‘ஒழுக்கமாக இருந்தால் வராது’ என்று மகளிடம் சொன்னால், அந்தப் பெண்களைப் பற்றிப் பொய் சொல்கிறோம். நாளைக்குக் கல்யாணத்துக்கு முன் ‘இரண்டு பேரும் டெஸ்ட் எடுத்துக்கலாமா’ என்று கேட்கும் தைரியத்தையும் அவளிடமிருந்து பிடுங்குகிறோம்.

இன்னொன்று. அவள் வகுப்பிலேயே பிறவியிலிருந்து எச்.ஐ.வி.யோடு வாழும் பிள்ளை இருக்கலாம். 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியத்தில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகு அப்படிப் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, படித்து, கல்யாணம் கட்டி, கிருமி இல்லாத குழந்தை பெற்றிருக்கிறார்கள். மாத்திரையை ஒழுங்காக எடுத்து ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உறவின் மூலம் அடுத்தவருக்குப் பரவாது என்பதும் இப்போது உறுதியாகிவிட்டது. ‘எய்ட்ஸ் வந்தா சாவுதான்’ என்று மகளிடம் சொல்லாதீர்கள். அது பழைய செய்தி. பயந்துபோன பிள்ளை டெஸ்டுக்கே வராது.

சரி, இத்தனை பேச்சும் எதற்கு என்றால், ஒரு கணக்குக்காக. 72 மணி நேரம்.

ஒரு பெண்ணுக்கு வற்புறுத்தலோ, பாதுகாப்பில்லாத உறவோ நேர்ந்துவிட்டால், கிருமி உடம்பில் வேர்பிடிக்காமல் தடுக்க மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள். அப்புறம் 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கிடைக்கும். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கும் இதே போல நேரக்கெடு உண்டு. உங்கள் மகள் ஐந்து நாளாக உங்களோடு பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து நாள் என்றால் 120 மணி நேரம். அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் என்றைக்காவது ஏதாவது ஆனால், முதல் மூன்று நாளுக்குள் அவள் உங்களிடம் வந்து நிற்க வேண்டும். எய்ட்ஸைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்பதைவிட எனக்கு இதுதான் முக்கியம். அதனால் இதை அவளிடம் நேராகவே சொல்லுங்கள். “எது நடந்தாலும், உன் மேல தப்பிருந்தாலும் இல்லாட்டியும், அன்னிக்கே எங்கிட்ட சொல்லு. நான் திட்டறது அப்புறம். மொதல்ல ஆஸ்பத்திரி.” திட்டவே மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், நம்பமாட்டாள்.

அவள் வாயைத் திறந்து, மூன்றாவது வகை, அதாவது யாரோ அவளுக்குப் பிடிக்காமல் தொட்டது என்று தெரிந்தால், அது குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கும் விஷயம் இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர்கள் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு அழைத்தால் அடுத்து என்ன செய்வது என்று சொல்வார்கள். அவசர சிகிச்சைக்கு முன் எஃப்.ஐ.ஆர். கொண்டுவா என்று மருத்துவமனை கேட்கக்கூடாது. செய்தவர் மாமாவாக இருந்தாலும், ட்யூஷன் சாராக இருந்தாலும் அதேதான். இரண்டாவது வகையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பதினெட்டுக்குக் கீழே என்றால் விருப்பத்தோடு நடந்த உறவும் சட்டத்தின் கண்ணில் குற்றம்தான். இது பிள்ளைகளை எங்களிடம் வரவிடாமல் செய்கிறது என்பது என் வருத்தம், ஆனால் சட்டம் சட்டம். அதனால் என் முன்னால் உட்காரும் பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். “நீ சொல்றதுல சிலது நான் மேல சொல்லியே ஆகணும். எதெதுன்னு முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் பேசு” என்று. எந்த ஆலோசகரிடமும் இதை முதலில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள உங்களுக்கும் அவளுக்கும் உரிமை உண்டு. முத்தம் வரைக்கும்தான் என்று அவள் சொன்னால் நம்புங்கள், பையனின் ஜாதகத்தைத் தோண்டாதீர்கள்.

அவள் அப்பாவிடம் இந்தத் தேடலைப் பற்றி இப்போது சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ‘அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவார்’ என்ற வசனத்தை வீட்டில் இனி எடுக்காதீர்கள். பல வீடுகளில் பிள்ளைகள் மூன்று நாள் வாய் மூடியிருக்கக் காரணம் அந்த ஒரு வரிதான்.

போனைத் திருப்பிக் கொடுங்கள். ராத்திரி ஹாலில் சார்ஜ் போடவேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள், நீங்களும் சேர்ந்தே. அதில் 1097 என்ற நம்பரைச் சேமித்துவைக்கச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. பற்றிக் கேட்க அரசு நடத்தும் இலவச எண், தமிழில் பேசுவார்கள், பேர் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவிடம் கேட்கக் கூசுகிற கேள்விகள் இருக்கத்தான் செய்யும்.

உறவுக்காரர் வேலை பார்க்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று கட்டாயமே இல்லை. அரசு தாலுகா மருத்துவமனைகளிலும் நம்பிக்கை மையம் இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் போகலாம், காசு கிடையாது. கோபியிலோ பவானியிலோ பாருங்கள், இல்லை பஸ் ஏறித் திருப்பூர் போய்விடுங்கள். முதல் தடவை நீங்கள் மட்டும் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தாலும் சரிதான். காலையில் கர்ப்பிணிகள் கூட்டம் இருக்கும், பதினோரு மணிக்கு மேல் போனால் ஆலோசகருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.